ஓடாத கார், ஓடிய வயது

பங்காருபாளையம் சந்தையில் மாங்காய் விற்ற காசோடு, நெடுஞ்சாலை பிடித்துப் பெங்களூரு போய்ப் பழைய பென்ஸ் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “பன்னிரண்டு வருஷ வண்டி, முப்பதாயிரம் கிலோமீட்டர்தான்” என்பார் தரகர். மீட்டரைத் திருப்பும் வித்தை இருக்கட்டும். நிஜமாகவே ஓடாத வண்டியானாலும் நின்ற இடத்திலேயே டயர் இறுகும், ரப்பர் புஷ் வெடிக்கும், பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும். டயரின் பக்கவாட்டைப் பாருங்கள்: 2214 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் தயாரானது. ஏர் சஸ்பென்ஷன் வண்டியா? இனாமாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்! கர்நாடகப் பதிவெண்ணோடு 12 மாதத்துக்கு மேல் ஆந்திராவில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அதே பணத்துக்குப் புது மாருதியே வரும். பழுதென்றால் சித்தூரைத் தாண்ட வேண்டியதில்லை.