கடல் கடந்த கடைவீதியில் நமது சங்கத்தின் பெயர்

இணையத்தின் வழியாக அயல்நாட்டு மக்களுக்கு நேரே சரக்கு விற்கலாம் என்னும் பேச்சு, சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி எழுந்து வருகிறது. வலைக்கடை அமைத்துத் தருகிறோம், வணிகப் பெயர் உருவாக்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்போரும் சங்க வாயிலில் வந்து நிற்கின்றனர். அங்கத்தினர்களின் பங்குத் தொகையில் கைவைக்குமுன் இதனை நிதானமாக ஆராய்வது நம் கடமையாகும்.

இலையூரிலும் வாரியங்காவலிலும் ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள பிற ஊர்களிலும் நெய்யப்படும் பட்டுச் சேலை, பெருநகரத்து ஜவுளிக் கடைகளில் வேறோர் ஊரின் பெயரால் விலை போவதை நெசவாளர் நன்கறிவர். ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரியும் பண்ருட்டிச் சந்தையைக் கடந்ததும் பண்ருட்டி முந்திரி ஆகிவிடுகிறது. உழைப்பு நம்முடையது, பெயர் பிறருடையது. அமேசான் முதலிய தளங்களில் ஏறினால் இந்நிலை தானாக மாறிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். தளம் என்பது சந்தைத் திடல் போன்றது. வாடகைக்கு இடம் தரும், அவ்வளவே. பெயரைச் சங்கம் கொண்டுபோக வேண்டும் என்பதே நமது கருத்து.

இது நம் நாட்டவர்க்குப் புதிதன்று. சுமத்திராத் தீவின் பாருஸ் என்னுமிடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைக் குறிக்கிறது. கடல் கடந்த ஊரில் அவர்கள் தனித்தனி ஆளாக நில்லாமல் ஒரு பெயரின்கீழ் நின்றனர். கங்கைகொண்டசோழபுரத்துக்கு அருகில் வாழும் நாம் இப்பெருமையைப் பேசுவதில் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் பேச்சினால் பார்சல் நகர்வதில்லை.

கைத்தறி வணிகத்தில் பலரும் கூறும் செய்தி ஒன்றுண்டு. 1950களின் இறுதியில் சென்னைக் கட்டம்போட்ட துணி அமெரிக்காவின் பெயர்பெற்ற கடைகளுக்குச் சென்றது. தண்ணீரில் தனியே அலச வேண்டிய அத்துணியை வாங்கியவர்கள் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தனர். சாயம் இறங்கிற்று, புகார்கள் குவிந்தன. பின்னர், சாயம் கசிவதே இதன் இயல்பு, ஒவ்வொரு சலவைக்கும் புதிய அழகு தோன்றும் என்று விளம்பரம் செய்யவே, அதே துணி நாகரிகப் பொருளாயிற்று. துணி மாறவில்லை, துணியைப் பற்றிச் சொன்ன சொல் மாறிற்று. இன்றைக்கு அயல்நாட்டில் கைபேசியில் பார்த்து வாங்குபவர் சேலையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஜரிகை அசலா, போலியா, நீளம் எத்தனை மீட்டர், எப்படி அலசுவது, தறியில் விழுந்த சிறு முடிச்சு குற்றமா, கைத்தறியின் அடையாளமா என்பனவற்றை எழுத்தில் கூறியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கோ-ஆப்டெக்ஸ் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைச் சேலையோடு இணைத்தது நல்ல வழிகாட்டல். சங்கத்தின் பெயரையும் அவ்வாறே இணைக்க வேண்டும்.

நடைமுறை முன்போல் கடினமாக இல்லை. ஏற்றுமதிக்குரிய குறியீட்டு எண்ணை ரூ. 500 கட்டணத்தில் பெறலாம். 2022ஆம் ஆண்டின் இறுதிமுதல் அஞ்சல் துறை ஏற்றுமதி மையங்களைத் திறந்து, சுங்கப் படிவத்தை இணையத்திலேயே பூர்த்தி செய்ய இடமளித்துள்ளது. 2023இல் பதிவான தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தில் சங்கங்கள் அங்கத்தினராகச் சேரலாம். தனியே அனுப்பத் துணியாத சங்கத்துக்கு அது ஒரு வழி. ஆயினும் அயல்நாட்டு விற்பனைக்குச் சங்கத்தின் துணைவிதிகளில் இடமுண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்க.

கணக்கிலேதான் பலர் சறுக்குகின்றனர். ஒரு சேலை ரூ. 10,000க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். தளத்தின் கழிவு நூற்றுக்கு 15 எனில் ரூ. 1,500; அஞ்சலும் பெட்டியும் ரூ. 2,000, விளம்பரமும் வங்கிக் கழிவும் ரூ. 500. மிஞ்சுவது ரூ. 6,000. பட்டு, ஜரிகை, நெசவுக் கூலி ஆகியன இதற்குள் அடங்க வேண்டும். பத்தில் ஒன்று திரும்பி வருமாயின் அதன் செலவை மற்ற ஒன்பதும் சுமக்கும். உள்ளூர்த் தள்ளுபடி விலையை அப்படியே தளத்தில் எழுதும் சங்கம் நெசவாளர் கூலியையே ஏற்றுமதி செய்கிறது என்போம்.

ஒரே நாட்டை நம்புவதும் தகாது. 800 டாலர் வரையுள்ள பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்டு 29இல் நீக்கிற்று. அதையொட்டி நிறுத்தப்பட்ட நமது அஞ்சல் பார்சல்கள் அக்டோபர் 15இல்தான் மீண்டும் தொடங்கின. அவ்வாண்டுத் தீபாவளியோ அக்டோபர் 20. பண்டிகைக்கென்று நெய்து வைத்தவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சில வேளைகளில் தடை நம் பக்கமிருந்தே வரும்: 2023 டிசம்பர் 8 முதல் 2024 மே மாதத் தொடக்கம் வரை வெங்காய ஏற்றுமதிக்கு மத்திய சர்க்கார் விதித்த தடையைச் செட்டிகுளம் வட்டாரத்து விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்றியும் சின்ன வெங்காயம் தனிப் பார்சலில் செல்லும் சரக்கன்று. வழியில் முளைக்கும், அழுகும். வடகமாகவோ உலர்த்திய துண்டாகவோ போகலாம். முந்திரிக்கு உணவுப் பொருள் விதிகள் உண்டு. அமெரிக்காவுக்கெனில் முன்னறிவிப்பும் வேண்டும். அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது பெருமைக்குரியதே. ஆனால் அப்பதிவின் காவல் இந்திய எல்லைக்குள்தான், அயல்நாட்டில் தானாகச் செல்லாது. ஈட்டி மரத்தில் செதுக்கியதை அனுப்புவதற்கு அதற்குரிய சான்றிதழும் தேவை. ஆகவே முதலில் புறப்பட வேண்டியது சேலையே என்பது நமது எண்ணம்: எடை குறைவு, கெடாது, கேட்போரும் கடலுக்கப்பால் உள்ளனர்.

எந்தச் சங்கமாயினும் இருபது சேலைகளோடு தொடங்கட்டும். தமிழர் மிகுந்த சிங்கப்பூரையோ மலேசியாவையோ எடுத்துக்கொள்ளட்டும். சிங்கப்பூரில் 2024 முதல் 9 சதவீதமாயுள்ள சரக்கு வரி சிறு பார்சலுக்கும் உண்டு என்பதை விலையில் சேர்க்கட்டும். ஆறு மாத வரவு, செலவு, திரும்பிய சரக்கு யாவற்றையும் தனிப் பேரேட்டில் எழுதிப் பொதுப்பேரவையின் முன் வைக்கட்டும். தணிக்கைக்கு வரும்போது நாம் முதலில் கேட்கப்போவது அந்தப் பேரேட்டைத்தான்.