வறட்சிக்கு ஒரு மரபணு இல்லை

“வறட்சியைத் தாங்கும் மரபணு கண்டுபிடிப்பு: இனி தண்ணீர் குறைந்தாலும் கோதுமை விளையும்.” இந்தத் தலைப்பைப் பத்திரிகைகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வார்த்தை மாற்றி மாற்றி அச்சிட்டு வருகின்றன. கூடவே ஒரு படமும் வரும். ஒரு தொட்டியில் கோதுமை கருகிக் கிடக்கும். பக்கத்துத் தொட்டியில் மரபணு புகுத்திய செடி பச்சையாக நிமிர்ந்து நிற்கும். அந்தப் படத்துக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தச் செடி எத்தனை கிராம் தானியம் கொடுத்தது என்று படத்துக்குக் கீழே யாரும் எழுதுவதும் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

படத்துக்குப் பின்னால் இருக்கும் கதையைப் பார்ப்போம். மெக்சிகோவில் இருக்கும் சிம்மிட், உலகத்தின் பெரிய கோதுமை ஆய்வு மையங்களில் ஒன்று. அங்கே அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியின் டிரெப்1ஏ மரபணுவைக் கோதுமையில் ஏற்றினார்கள். தொட்டிச் சோதனையின் முடிவு 2004இல் வெளிவந்தது. தண்ணீரை நிறுத்தியதும் சாதாரணச் செடிகள் பத்து நாளில் காய்ந்துபோயின. மரபணு ஏற்றியவை அதற்கு மேலும் சில நாள் தாக்குப்பிடித்தன. உலகமெங்கும் செய்தி பரவியது. அதே மரபணு ஏற்றிய கோதுமையை வயலில் விதைத்துப் பார்த்த முடிவு 2012இல் வந்தது. தண்ணீர்ப் பற்றாக்குறையில் அவை மகசூலில் சாதாரணக் கோதுமையைப் பொதுவாக மிஞ்சவில்லை. அந்த முடிவைத் துறைக்காரர்களைத் தவிர யாரும் படிக்கவில்லை.

தொட்டி ஏமாற்றுவதற்குக் காரணம் எளியது. தொட்டிக்குள் இருப்பது அளந்து ஊற்றிய தண்ணீர். சிறிய இலை விடும் செடியும், இலைத்துளைகளைச் சீக்கிரம் மூடிக்கொள்ளும் செடியும் அந்தத் தண்ணீரை மெதுவாகக் குடிக்கும். ஆகவே சில நாள் கூடுதலாகப் பச்சையாக நிற்கும். ஆனால் துளையை மூடினால் கரியமில வாயு உள்ளே போகாது. வாயு போகாவிட்டால் மாவுச்சத்து உருவாகாது, கதிரில் மணி பிடிக்காது. வயலில் கோதுமை வேர் ஒன்றரை மீட்டருக்குக் கீழேயும் இறங்கி ஈரம் தேடும். தொட்டியில் அதற்கு இடமே இல்லை. வயல் காய வாரக் கணக்காகும், தொட்டி சில நாளில் காய்ந்துவிடும். உயிர் பிழைப்பது ஒன்று, விளைவது வேறு. செடியே செத்துப்போகும் அளவுக்கு வானம் பொய்த்தால் எந்த ரகம் போட்டாலும் விவசாயிக்கு அந்த ஆண்டு கையில் ஒன்றும் நிற்காது. அவர் கேட்பது, மழை பாதியாகக் குறைந்த ஆண்டில் எத்தனை மூட்டை தேறும் என்பதை.

ஆஸ்திரேலியாவின் பயிர் ஆய்வாளர் ஜான் பாசியுரா 1977இலேயே இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிட்டார். பயிர் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சி இலைவழி செலவிட்டது, அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு உடல் வளர்ந்தது, அந்த உடலில் எத்தனை பங்கு தானியமானது: இந்த மூன்றையும் பெருக்கினால் மகசூல். சாகாமல் நிற்பதற்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

இதைவிட அடிப்படையான பிழை ஒன்று அந்தத் தலைப்பில் இருக்கிறது. வறட்சி ஒரே பொருள் என்று அது நினைக்கிறது. மழை எப்போது நின்றது என்பதைப் பொறுத்து வறட்சி முற்றிலும் வேறு வேறு நோயாகிறது. விதைத்த கையோடு நின்றதா, தூர் கட்டும்போதா, பூக்கும்போதா, மணி பால் பிடிக்கும்போதா? ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றில் கேடாகலாம். ட்ரைஸ்டேல் என்ற ஆஸ்திரேலிய ரகம் இதற்கு நல்ல சாட்சி. இலையில் கார்பன் 12, கார்பன் 13 ஆகியவற்றின் விகிதத்தை அளந்தால் செடி தண்ணீரை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்று கண்டுபிடிக்கலாம் என்பதை கிரஹாம் ஃபார்குவாரும் ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸும் 1984இல் காட்டினார்கள். அந்த அளவீட்டை வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த ரகம் 2002இல்தான் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. நியூ சவுத் வேல்ஸில், விதைப்புக்கு முன் பெய்த மழையை மண் அடியில் சேமித்து வைத்திருக்கும் வயல்களில், அது தன் குணத்தைக் காட்டியது. மாதச் சம்பளத்தைக் கடைசி வாரத்துக்கு மிச்சம் பிடிப்பதுபோல், பூக்கும் பருவத்துக்கு ஈரத்தை மிச்சம் வைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவிலோ மழை பயிர்க்காலத்திலேயே பெய்கிறது; வெறும் தரையிலிருந்து ஆவியாகிப் போகிறது. அங்கே வேகமாக இலை விரித்துத் தரையை மூடும் கோதுமைக்குத்தான் லாபம். சிக்கனக்காரச் செடி காத்துக்கொண்டிருக்கும்போதே மண்ணின் ஈரம் காற்றோடு போய்விடும். ஒரே நாடு, ஒரே பயிர். ஆனால் வேண்டிய குணம் நேர் எதிர். இதில் எதை வறட்சி மரபணு என்று அழைப்பது? அந்தச் சிக்கனக் குணத்தைக்கூடப் பல மரபணுக்கள் சேர்ந்துதான் ஆள்கின்றன.

வெப்பத்தையோ இந்தத் தலைப்பை எழுதுபவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2022 மார்ச் மாதம் இந்தியாவில் 1901க்குப் பிறகு பதிவான மிகக் கடும் வெப்பமுள்ள மார்ச். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை வயல்களுக்குப் பாசனம் இருந்தது, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் மணி முற்றும் நேரத்தில் வெயில் அடித்ததால் தானியம் சுருங்கியது. மே 13 அன்று ஏற்றுமதிக்கே தடை வந்தது. தண்ணீரைக் கருமித்தனமாகச் செலவிடும் செடி அந்த மார்ச்சில் என்ன செய்திருக்கும்? இலைத்துளையை மூடியிருக்கும், இலை இன்னும் சூடாகியிருக்கும்.

பசுமைப் புரட்சியே ஒரு மரபணுவால் வந்ததுதானே என்று கேட்பார்கள். இந்த வாதத்தைப் படித்தவர்களும் சொல்வதுதான் வருத்தம். 1935இல் ஜப்பான் வெளியிட்ட நோரின் 10 ரகத்திலிருந்து நார்மன் போர்லாக்கின் கோதுமைக்கு வந்த குட்டை மரபணுக்கள் இரண்டு. அவை வறட்சியைத் தாங்க வந்தவை அல்ல. உரமும் தண்ணீரும் நிறைய கொடுத்தால் உயரக் கோதுமை பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும்; சாயாமல் நிறுத்தியதுதான் அவற்றின் சாதனை. வறண்ட நிலத்தில் அதே மரபணுக்கள் இடைஞ்சலாகவும் மாறுகின்றன. அவை தண்டை மட்டும் குட்டையாக்குவதில்லை, முளையைப் பொதிந்து மேலே கொண்டுவரும் உறையையும் குட்டையாக்குகின்றன. மேல்மண் காய்ந்து ஈரம் ஆழத்தில் இருக்கும்போது விதையை ஆழமாகப் போட்டால் குட்டை உறை மேலே எட்டாது. முளை மண்ணுக்குள்ளேயே முடங்கிவிடும். அதனால்தான் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இப்போது அந்தப் புகழ்பெற்ற மரபணுக்களை நீக்கிவிட்டு, தண்டை மட்டும் குட்டையாக்கி உறையை நீளமாக விடும் வேறு மரபணுக்களைப் புகுத்த உழைக்கிறார்கள்.

உப்புக்கும் அலுமினிய நச்சுக்கும் ஒற்றை மரபணு உதவியிருக்கிறது, உண்மை. சோடியமும் அலுமினியமும் தனித்தனிப் பொருள்கள், வேரிலேயே மறிக்கலாம். வராத மழையை எந்த வேரும் மறிக்க முடியாது.

கடைசியாக அர்ஜென்டினாவின் எச்பி4 கோதுமையைக் காட்டுவார்கள். சூரியகாந்தியிலிருந்து எடுத்த மரபணு. ஆய்வாளர் ராகேல் சான் குழுவின் உழைப்பு. 2020இல் அர்ஜென்டினா அனுமதித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வயல் சோதனைகளின் சராசரியில் அது கொடுத்த கூடுதல் மகசூல் சுமார் 6 சதவீதம், வறண்ட இடங்களில் அதைவிட அதிகம். விவசாயிக்கு 6 சதவீதமும் பணம்தான், அதை நான் மறுக்கவில்லை. தண்ணீர் குறைந்தாலும் விளையும் என்ற முழக்கத்தை அந்த எண் தாங்காது என்பதே என் வாதம்.

இன்னொரு பேச்சு எனக்கு மிகவும் வலிக்கிறது: பழைய கலப்பு முறை குருட்டாம்போக்கு, காலம் கடந்தது என்பது. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்து உவர் நிலங்களில் விவசாயிகள் தலைமுறைகளாகப் பொறுக்கி வைத்த நாட்டுக் கோதுமை கார்ச்சியா. உயரமாக வளர்ந்து சாயும், துருநோய் பிடிக்கும், மகசூல் குறைவு. ஆனாலும் உப்பில் நிற்கும். அதன் வழி வந்த கார்ச்சியா 65ஐப் பஞ்சாபின் டபிள்யூஎல் 711 ரகத்தோடு கலந்து, உவர் மண்ணிலேயே விதைத்து, உவர் மண்ணிலேயே தேர்ந்தெடுத்து, கர்னாலில் இருக்கும் மத்திய மண் உவர்மை ஆய்வு நிறுவனம் கேஆர்எல் 1-4 ரகத்தை உருவாக்கியது. பிறகு கேஆர்எல் 19, 210, 213 ஆகியவை வந்தன. வேகம் போதவில்லை என்பவர்கள் நம் நீலகிரியின் வெலிங்டனைப் பார்க்கட்டும்: வடக்கே கோதுமை விளையாத கோடையில் அங்கே விதைத்து, ஆண்டுக்குள் இன்னொரு தலைமுறையை எடுக்கிறார்கள். கார்ச்சியாவின் உப்புத் தாங்குதிறனோ பல குரோமோசோம்களில் சிதறிக் கிடப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. பாலி விவசாயிகள் அந்த மரபணுக்கள் எல்லாவற்றையும் ஒரே விதைக்குள் சேர்த்தே நமக்குக் கொடுத்தார்கள். அவர்கள் சோதித்துப் பார்த்த இடம் அவர்களுடைய வயல்.