பேட் தாங்கியது, இனி அரசு தாங்கட்டும்

2020 மார்ச்சில் 'சமூக விலகல்' என்ற சொல் தொலைக்காட்சி வழியாக நம் வீடுகளுக்குள் வந்தது. ஊர் ஒரு பக்கம், பேட் ஒரு பக்கம் என்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நமக்கு அந்தச் சொல் உறுத்தியது. விலகி நில் என்று நம்மைப் பார்த்துச் சொல்ல ஒரு கிருமி வரவேண்டிய தேவை இருந்ததில்லை. உடல் அளவில்தான் இடைவெளி வேண்டும், சமூக உறவு அறுந்துவிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் அப்போது விளக்கியது. நம் செய்தித்தாள்களும் 'தனிமனித இடைவெளி' என்று எழுதத் தொடங்கின. சொல் திருந்தியது. வாழ்க்கை திருந்தியதா என்பதே நம் கேள்வி.

மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பிள்ளையார்குப்பத்திலிருந்து பார்த்தால் புதுச்சேரி நகரம் ஒரு பக்கம், கடலூர் மறுபக்கம். கட்டட வேலை, கடை வேலை, வீட்டு வேலை எல்லாம் இந்த இரண்டு திசைகளில்தான். பேருந்து நின்றது, முள்ளோடை எல்லை அடைபட்டது, கூலியும் நின்றது. நூறு நாள் வேலையின் தினக்கூலி ஏப்ரல் 1 முதல் 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் அந்த மாதத்தில் பெரும்பாலான நாட்கள் வேலையே இல்லை.

அப்போது நம் மக்களைக் காப்பாற்றியது அண்டை வீடு. அரிசி இருந்தவர்கள் இல்லாதவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்தார்கள். பெண்கள் பழைய துணியில் முகக்கவசம் தைத்தார்கள். இளைஞர்கள் முதியவர்களுக்கு மாத்திரை வாங்கி வந்தார்கள். தெருவில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் காய்ச்சினார்கள். இதை நாம் பெருமையோடு சொல்லலாம். ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கைமாற்று அரிசியைத் திருப்பித் தர வேண்டும். அடகு வைத்த கம்மலை மீட்க வேண்டும். கடன் தவணையை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று அனுமதித்தது. தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'மக்கள் சமாளித்துக்கொண்டார்கள்' என்று எளிதாகச் சொல்கிறார்கள். அந்தச் சமாளிப்பின் விலை பெண்களின் கழுத்திலும் காதிலும் இருந்து போனது.

நோய்க்குச் சாதி தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் குடியிருப்புக்குச் சாதி தெரியும். 1918 இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில் பம்பாய் நகரில் தாழ்த்தப்பட்ட சாதியினர் ஆயிரத்துக்கு 61 பேர் இறந்தனர். மற்ற சாதி இந்துக்களில் சுமார் 19 பேர். ஐரோப்பியரில் சுமார் 8 பேர். கிருமி ஒன்றே. நெரிசலும் பட்டினியும் யார் பக்கம் இருந்ததோ, சாவும் அந்தப் பக்கம் சாய்ந்தது. நூறு ஆண்டு கழித்து, தொற்று வந்தவர் தனி அறையில், தனிக் கழிப்பறையோடு இருக்க வேண்டும் என்று அறிவுரை வந்தது. ஒரே அறை கொண்ட தொகுப்பு வீட்டில் ஐந்தாறு பேர் வாழும் குடும்பம் அதை எப்படிக் கடைப்பிடிக்கும்? பிள்ளையார்குப்பத்தில் பெரிய தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல கிராமங்களுக்குக் கிடைக்காத வசதி அது. ஆனால் படுக்கைக்குப் போகும் முன்பே தொற்று வீட்டுக்குள் பரவிவிட்டால், பக்கத்தில் மருத்துவமனை இருந்து மட்டும் போதாது.

அந்த நாட்களில் நம் குறையைக் கேட்க யார் இருந்தார்கள்? புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பிரதிநிதிகளின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் நடக்கவில்லை. ஆகவே கொரோனா வந்தபோது நம் தெருவுக்கு வார்டு உறுப்பினர் இல்லை, ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவர் இல்லை. பட்டியல் சாதியினருக்கு அரசியல் சட்டம் ஒதுக்கிய இடங்களும் காகிதத்திலேயே கிடந்தன. எல்லைக்கு அப்பால் கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் ஊராட்சித் தேர்தல் முடிந்திருந்தது. கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்களும் சேர்ந்து சமூகச் சமையலறைகளை நடத்தினார்கள்.

நாற்காலி கிடைத்தால் சாதி போய்விடும் என்று நாம் சொல்லவில்லை. அதே கடலூர் மாவட்டத்தின் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியானது. ஆனால் அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் என்பதால்தான் அந்த அவமதிப்பு நாடு முழுவதும் கேள்வியானது, வழக்கும் ஆனது. பதவியே இல்லாத இடத்தில் அவமதிப்பும் கண்ணில் படாது.

ரேஷன் கதையும் இதுவே. புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்ற முறையால் ரேஷன் கடைகள் முடங்கிக் கிடந்தன. அரிசியா, பணமா என்று ஆளுநர் மாளிகையும் அமைச்சரவையும் மோதிக்கொண்டன. ஊரடங்கில் மத்திய அரசு தலைக்கு 5 கிலோ அரிசி அறிவித்தபோது அதைக் கொண்டுசேர்க்க மாற்று வழி தேட வேண்டியிருந்தது. கடைகள் மீண்டும் திறந்தது 2024 அக்டோபரில்தான். பசி நேரத்தில் வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பதும், தெருமுனைக் கடையில் அரிசி வாங்குவதும் ஒன்றல்ல.

அடுத்த கொள்ளைநோய் நமக்குச் சொல்லிவிட்டு வராது. அதற்குமுன் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். உரிய இடஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் நடத்த வேண்டும். திறந்த ரேஷன் கடை மறுபடி மூடாமல், இருப்போடு இயங்க வேண்டும். ஒவ்வொரு பேட்டிலும் நோயாளியைத் தனியாக வைத்துப் பார்க்க ஒரு சமுதாயக் கூடம், தண்ணீரும் கழிப்பறையும் உள்ளதாக, இப்போதே அடையாளம் காணப்பட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். வீட்டுக்கு ஒரு கைப்பேசிகூட இல்லாமல் இணையவழி வகுப்பைத் தவறவிட்டவர்கள் நீங்கள். உங்கள் தெருவில் 2020, 2021-ல் யார் படிப்பை விட்டார், யார் வேலை இழந்தார், எந்த வீட்டில் எவ்வளவு கடன் ஏறியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரியவர்களிடம் கேளுங்கள், மறப்பதற்குள் கேளுங்கள். 1897-ல் புனேயில் பிளேக் நோயாளிகளுக்குப் பணிசெய்து அதே நோயில் உயிர்விட்ட சாவித்திரிபாய் புலே ஒரு ஆசிரியர். கல்வியும் மக்கள் தொண்டும் வேறு வேறல்ல என்று வாழ்ந்து காட்டியவர். உங்கள் நோட்டில் இருக்கும் கணக்கோடு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனால், 'எல்லாரும் சமாளித்துவிட்டார்களே' என்று யாரும் சொல்லி அனுப்பிவிட முடியாது.