போர்ட் வெல்ட் பெயர்ப் பலகை

தைப்பிங் பட்டணத்திலிருந்து 8 மைல் தொலைவில், கடலோரத்தில், கோலா செப்பெத்தாங் என்ற சிற்றூர் இருக்கிறது. மீனும் மரக்கரியும் அவ்வூரின் பிழைப்பு. கடைகளை ஒட்டி ஒரு பழைய ரயில் நிலையப் பெயர்ப் பலகையும், டிக்கெட் கொடுத்த சிறு இடமும் மிஞ்சியிருக்கின்றன. ரயில் நின்று வெகு காலமாகிறது; தண்டவாளமும் பெயர்க்கப்பட்டுவிட்டது. பலகையில் இருப்பது ஊரின் பழைய பெயர்: போர்ட் வெல்ட். நான்கு எழுத்துகளில் எழுதியிருக்கிறது. அவற்றில் ஒன்று தமிழ்.

வெளியூர்க்காரர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுக்கட்டும். அந்தத் தமிழ் எழுத்து அங்கே எப்படி வந்தது என்று நாம் கேட்க வேண்டாமா?

1885 ஜூன் 1-ம் தேதி திறக்கப்பட்ட தைப்பிங் - போர்ட் வெல்ட் பாதையே மலாய் நாட்டின் முதல் கம்பிச் சடக்கு. லாருட் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. கடலோரச் சேற்றுக் காட்டில் மண் கொட்டிச் சடக்குப் போட இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர் தருவிக்கப்பட்டார்கள். ரப்பர் இந்நாட்டில் பெருகுவதற்கு முந்திய கதை இது. பிற்பாடு தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் தோட்டத்துக்கும் போனார்கள், தண்டவாளத்துக்கும் போனார்கள். நிலையங்களிலும் ரயில்வே ஆபீசுகளிலும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார் நிறைந்திருந்தார்கள். தமிழ் படிக்கிற பிரயாணி இல்லாமல் அந்தப் பலகையில் தமிழ் ஏறியிருக்காது.

1903-ல் பிறையிலிருந்து சிரம்பான் வரை பெரிய பாதை பூர்த்தியானது. பினாங்குக்குப் போகிற ஈயத்துக்கு இந்தச் சின்னத் துறை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஊர் மெல்ல அடங்கியது.

கவர்னர் வெல்டின் பெயர் ஒரு துறைமுகத்துக்கே வைக்கப்பட்டது. சேற்றில் இறங்கியவர்களில் ஒருவர் பெயரைக்கூட அந்தப் பலகை சொல்லவில்லை. அது ரயில்வே விஷயம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் தோட்டங்களிலும் இதுதானே நடக்கிறது! தோட்டம் கைமாறுகிறது, துண்டாடப்படுகிறது. லயத்தை இடித்து வீட்டு மனை போடுகிறார்கள். ஆபீசைக் காலி செய்யும் நாளில் பழைய செக்ரோல் புத்தகங்கள் குப்பைக்கோ நெருப்புக்கோ போகின்றன. அந்தப் புத்தகத்தில்தான் உங்கள் பாட்டனாரின் பெயர், நம்பர், பேர் போட்ட நாள் எல்லாம் இருக்கிறது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டோடு அலைந்த தோட்டத்து மக்கள் எத்தனை பேர்! ஒரு பழைய ஏட்டின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீசு மூடப்போகிறது என்று தெரிந்தவுடன் நிர்வாகத்திடம் கேளுங்கள். புத்தகத்தைத் தர மறுத்தால், அனுமதி வாங்கிப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்தாலும் போதும். பால்மரத் தொழிலாளர் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்தக் கப்பல், எந்தக் கங்காணி, முதலில் எந்தத் தோட்டம்? பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதட்டும். இந்த மாதக் கிளைக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள்.