நிலவறை மனிதன் எங்கட ஹீரோவா?

தனிச்சுக் கிடக்கிறதே சுதந்திரம் எண்டு சொல்லி தஸ்தயேவ்ஸ்கியின் நிலவறை மனிதனைக் கொண்டாடுறம். 1864இல் வந்த 'நிலவறைக் குறிப்புகள்' நாவலை நாங்கள் பாதியிலேயே மூடி வைக்கிறம் போல.

முதற்பாகத்தில் அவன் சொல்வது சரிதான். மனிதன் கணக்குக்குள் அடங்கமாட்டான்; ஈரிரண்டு நாலு என்ற சுவரோடும் முட்டுவான். செர்னிஷேவ்ஸ்கியின் பகுத்தறிவுக் கனவுக்கு அது நல்ல அடி.

ஆனால் இரண்டாம் பாகத்தில் அந்தச் சுதந்திரத்தை வைத்து என்ன செய்தான்? தன்னை நம்பி வீடு தேடி வந்த லீசாவை அவமானப்படுத்தி, கையில் ஐந்து ரூபிள் தாளைத் திணித்தான். அவள் அதை மேசையில் கசக்கி எறிந்துவிட்டுப் போனாள்.

அவன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினான். அவள் செய்து காட்டினாள். அவன்ட பேச்சை மேற்கோள் காட்டுற நாங்கள், அவளின்ர பேரையாவது ஞாபகம் வைச்சிருக்கிறமா?