மூன்றாவது துளை

'தன் கையே தனக்கு உதவி' என்பது பழமொழி. அதனை மின்சாரத்துக்கும் நீட்டிக்கலாமா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா. நீட்டித்துப் பார்த்து, அதற்கு ஏறத்தாழ ஓர் உயிரை விலையாகக் கொடுக்க இருந்தவர் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறோம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் மேற்குப் புறநகர்களை அறிந்த அன்பர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின், இங்கே தெருவுக்கு நான்கு ஃபிட்டரும் ஒரு டர்னரும் இருப்பது இயல்பாகிவிட்டது. குழாய் ஒழுகினால் பிளம்பரைத் தேடுமுன் பக்கத்து வீட்டு அண்ணனைத் தேடும் ஊர் இது. அந்தக் கைத்திறன்மீது நமக்குப் பெருமதிப்பு உண்டு. கல்லூரியில் யாப்பிலக்கணம் நடத்திப் பிழைக்கும் நமக்கு, உள்ளபடி சொன்னால், கொஞ்சம் பொறாமையும் உண்டு. அந்தப் பொறாமையே வினையாயிற்று.

நம் வீடு 1983ஆம் ஆண்டில் தந்தையார் கட்டியது. சுவரின்மேல் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் கிளிப் வைத்து ஓட்டிய பழைய வயரிங். ஃபேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று என இரண்டே கம்பிகள், இரண்டும் அலுமினியம். அறைக்கு ஒரு குண்டு பல்பு, ஒரு மின்விசிறி, கூடத்தில் வானொலிக்கு ஒரு பிளக். அன்றைய தேவை அவ்வளவுதான். பிறகு கிரைண்டர் வந்தது, குளிர்சாதனப் பெட்டி வந்தது, தண்ணீர் மோட்டார் வந்தது, ஏ.சி. வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது அருகில் இருந்த ஏதோ ஒரு பெட்டியிலிருந்து ஒரு தாமிரக் கம்பியை இழுத்து அலுமினியத்தோடு முறுக்கினார்கள். இவ்விரு உலோகங்களும் சேரும் முறுக்கு நாளடைவில் தளர்ந்து சூடேறும் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கத் துணிந்தோம். மொசைக்கைப் பெயர்த்து டைல்ஸ் பதித்தோம். சமையலறை மேடைக்குக் கிரானைட் போட்டோம். கூடத்துக்குப் பொய்க்கூரையும் வைத்தோம். வயரிங்கை மட்டும் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஏன் செலவு என்பது அன்றைய எண்ணம். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்கட்டில் ஒரு பிளக் வேண்டியிருந்தது. அதை நாமே பொருத்தினோம். மூன்று துளை கொண்ட பிளக்கில் கீழிரண்டுக்கும் கம்பி கொடுத்தாயிற்று. மேலே உள்ள பெரிய துளைக்குக் கொடுக்க வீட்டில் கம்பியே இல்லை. இயந்திரம் ஓடியது, நமக்குப் பெருமை தாளவில்லை.

இரண்டொரு நாளில் அம்மா, "தொட்டா சுருக்குசுருக்குன்னு இருக்குடா" என்றார். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அண்டைவீட்டு நண்பர் வந்து பார்த்தார். "எர்த் இல்ல சார், அதான். நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு ஒயரை மேல லூப் போட்டுடுங்க, நின்னுடும்." போட்டோம். நின்றுவிட்டது. இந்த வைத்தியத்தின் வஞ்சகமே அது வேலை செய்வதில்தான் இருக்கிறது. நோய்க்குறி மறைந்ததும் நோயே போயிற்று என்று நம்பி, ஓராண்டுக்கு மேல் நிம்மதியாய் இருந்தோம்.

ஓர் ஐப்பசி மாலை. நல்ல மழை. திடீரென்று விளக்கெல்லாம் அணைந்தன. 'கரண்ட் போயிற்று' என்று எல்லாரும் சொல்வதைப்போல நாமும் சொன்னோம். பாதியில் நின்ற துணியை எடுக்கலாம் என்று அம்மா இருட்டில் பின்கட்டுக்குப் போனார்; ஈரத்தரை; வெறுங்கால். இயந்திரத்தின் மேல் கைவைத்த மாத்திரத்தில் அலறினார். பின்புறமாகத் தூக்கியெறியப்பட்டு விழுந்ததால் கை விடுபட்டது. பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் இன்றும் முழுதாக எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆவடியிலிருந்து வந்த முதிய வயர்மேன் மீட்டருக்கு அருகே டெஸ்டரை வைத்துப் பார்த்தார். பிறகு பிளக்கின் ஒவ்வொரு துளையிலும் வைத்தார். மூன்றிலும் எரிந்தது.

"சார், கரண்ட் போகல. அது திரும்பிப் போற வழிதான் போச்சு" என்றார்.

நடந்தது இதுதான். மீட்டர் அருகே நியூட்ரல் கம்பி கருகி அறுந்திருந்தது. ஃபேஸ் வழியே 230 வோல்ட் வழக்கம்போல வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. சுவிட்ச் போட்டபடியே நின்றுபோன மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றினூடே அது கடந்து நியூட்ரல் கம்பிக்கு வந்தது, வெளியேற வழியில்லை. நாம் போட்ட அந்த நாலு விரற்கடைத் துண்டு ஒயரின் வழியாக இயந்திரத்தின் தகட்டில் ஏறி நின்றது. மண்ணுக்குப் போகும் பாதையாக அம்மா வந்து வாய்த்தார். எந்தத் துளை உயிர்காக்க வைக்கப்பட்டதோ, அதையே நாம் கொலைக்கருவி ஆக்கியிருந்தோம்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் படிப்புக்கு மரியாதை இல்லை. நியூட்ரலுக்கு 'நொதுமல்' என்ற சொல் உண்டு. சங்க அகப்பாடல்களில் நொதுமலர் என்றால் அயலார். உறவும் பகையும் அற்றவர். அச்சொல்லை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஆயினும் நியூட்ரல் என்றால் எந்நாளும் தீங்கற்றது என்று எண்ணிக் கைவைத்தோம். வழி மூடப்பட்டால் அயலார் என்ன செய்வார் என்று சிந்திக்கவில்லை.

சரி, அப்படியானால் வீட்டுக்காரர் எதையுமே தொடக்கூடாதா? சட்டம் அவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி ஒரு கோட்டைக் கிழித்தது. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட கூட்டல், திருத்தம், பழுதுபார்ப்பு எதுவாயினும் உரிமம் பெற்ற ஒப்பந்தகாரர், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். அவ்விதிகளுக்குப் பின் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளிலும் இந்தக் கோடு அழிக்கப்படவில்லை. 'திறனும் தன்மையும்' என்பதை நாம் ஓர் உரையாசிரியரின் நுட்பமாகவே ரசிக்கிறோம். கெட்டுப்போன சுவிட்சைக் கழற்றி அதேபோன்ற வேறொன்றைப் போடுவது சொல்லை மாற்றுவது. புதிய பிளக் போடுவது வாக்கியத்தை மாற்றுவது. நாம் செய்தது இரண்டாவது.

ஆனால், 'உரிமம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்' என்று சொல்லி முடிக்கவும் நம்மால் இயலவில்லை. வருகிறவரிடம் சான்று உண்டா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? அடுக்ககம் வாங்கும்போது டைல்ஸின் நிறத்துக்கு மூன்று நாள் வாதிடுகிறவர்கள், பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பச்சைக் கம்பி வந்திருக்கிறதா என்று கழற்றிக் காட்டச் சொல்வதில்லை. உரிமம் உள்ளவரும் அவசரத்தில் தவறலாம். அதைக் கண்டுகொள்ளும் அளவுக்காவது வீட்டுக்காரருக்கு அறிவு வேண்டும். வீட்டுக்காரர் தாமே செய்ய வேண்டிய வேலை கம்பி இழுப்பதன்று, பார்ப்பதும் கேட்பதுமே என்பது நம் கட்சி. இந்த அறிவு தமிழில் இல்லாமலும் இல்லை. நம் மாணவர்களில் பலரின் தந்தையர் இதை நாள்தோறும் பேசுகிறார்கள். அதை அறிவென்று மதிக்காதது படித்த கூட்டத்தின் குறை. அக்கூட்டத்தில் நாமும் ஒருவர்.

அந்த வயர்மேன் செய்ததைச் சொல்கிறோம். புதுப்பிக்க இருப்போர்க்குப் பயன்படும். கொல்லையில் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டார். ஏரிகளுக்கிடையே அமைந்த ஊர். மண்ணில் ஈரம் இருக்கிறது. ஆயினும் கோடையில் அக்குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அங்கிருந்து எல்லாப் பிளக்குக்கும் பச்சைக் கம்பி. மரச்சட்டங்களைக் கழற்றிவிட்டு, சுவரில் காடி வெட்டிக் குழாய் பதித்துத் தாமிரக் கம்பியே ஓட்டினார்: விளக்குக்கு ஒன்றரை, பெரிய பிளக்குக்கு இரண்டரை, ஏ.சி.க்கு நாலு சதுர மில்லிமீட்டர். கொத்தனார் பூசுவதற்குமுன் ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுத்து வைக்கச் சொன்னார். பின்னாளில் ஆணி அடிப்பவர் குழாயைத் துளைக்காமலிருக்க அது உதவும். நாம் எடுத்துவைத்த படங்களில் இவையே மிக உபயோகமானவை.

தரையோரம் இருந்த பிளக் பெட்டிகளை இடுப்புயரத்துக்கு ஏற்றச் சொன்னதும் அவரே. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கொரட்டூர், அம்பத்தூர்ப் பகுதிகளில் வீட்டுக்குள் நீர் புகுந்ததைக் கண்டவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அழகு குறைகிறதென்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நாம் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியாக மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமா என்று இடைவிடாது கணக்குப் பார்ப்பது அதன் தொழில். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கணக்கு உதைத்தால், அதாவது அவ்வளவு மின்சாரம் வேறு வழியில், ஒரு மனித உடம்பின் வழியிலும் ஆகலாம், கசிந்தால், நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் வீட்டின் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி. இருக்கிறதே, அது போதாதா என்று நாம் கேட்டோம். "அது ஒயரைக் காப்பாத்தும் சார். இது ஆளைக் காப்பாத்தும்" என்றார் அவர். இரண்டும் ஒன்றென்று நினைத்திருப்போர் பலர் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

அக்கருவியில் 'டெஸ்ட்' என்று ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தி, இணைப்பு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பை அம்மா தாமே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் பேரன் கத்தக் கத்த, அதை அழுத்திவிட்டுச் சிரிப்பார். பின்கட்டுக்குப் போகும்போது மட்டும் இன்றுவரை அவர் ரப்பர் செருப்பைக் கழற்றுவதில்லை.