கேரேஜ் காலேஜ்: பல்லு போனா... இன்ஜினே போச்சு!

"அண்ணா, அப்பாகிட்ட 2011 மாடல் சான்ட்ரோ இருக்கு. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மெக்கானிக் டைமிங் பெல்ட்டை மாத்தச் சொல்றார். ஸ்பேர்ஸ் கடைக்குப் போனா மூணு டப்பா எடுத்து வெச்சாங்க. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் மூணு மடங்கு விலை வித்தியாசம். பிரிச்சுப் பார்த்தா மூணுமே கறுப்பா, பல்லோட, ஒரே மாதிரிதான் இருக்கு. இந்த மாசம் தங்கச்சிக்கு செமஸ்டர் ஃபீஸ் வேற கட்டணும். சின்ன டப்பாவே போதுமா?"

திருச்சியிலிருந்து ஒரு தேர்ட் இயர் சிவில் தம்பி கேட்டிருக்கார். தம்பி, முதல்ல ஒரு சபாஷ். பெல்ட் அறுந்த பிறகு கேக்காம, அறுக்கறதுக்கு முன்னாடியே கேட்டீங்க பாருங்க, அதுக்கு!

மத்த ஃப்ரெண்ட்ஸுக்காக ஒரு சின்ன ரீவைண்ட். இன்ஜின்ல கீழே கிராங்க் ஷாஃப்ட், அது பிஸ்டனை ஏத்தி இறக்குது. மேலே கேம் ஷாஃப்ட், அது வால்வுகளைத் திறந்து மூடுது. கீழே ரெண்டு சுத்து சுத்தினா மேலே சரியா ஒரு சுத்து. இந்தக் கணக்கு தப்பாம ரெண்டு பேரையும் கட்டி வெச்சிருக்கற பல்லு வெச்ச ரப்பர் வார்தான் டைமிங் பெல்ட். இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.ல ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு செகண்டுக்கு 25 தடவை திறந்து மூடுது. கண் இமைக்கற நேரத்துக்குள்ள பல ரவுண்டு முடிஞ்சுபோகும்.

இதை ஃபேன் பெல்ட்டோட குழப்பிக்காதீங்க. அது வெளியில தெரியும், லூஸானா 'கீச்'சுனு கத்தும், அறுந்தா டேஷ்போர்டுல பேட்டரி லைட் எரியும். டைமிங் பெல்ட் கவருக்குள்ள ஒளிஞ்சிருக்கும். பெரும்பாலும் கத்தாது, முன்கூட்டி சொல்லாது. நல்லா ஓடிட்டே இருந்து ஒருநாள் பட்டுனு போயிடும். ஹாஸ்டல்ல ஒரு ரூம்மேட் இருப்பானே, வருஷம் பூரா சிரிச்சுக்கிட்டே இருந்துட்டு எக்ஸாமுக்கு முதல் நாள் நோட்ஸைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிடுவான், அந்த டைப்.

போனா என்ன ஆகும்? கேம் நின்னுடும். அந்த நேரத்துல சில வால்வுகள் திறந்தபடியே தொங்கும். கீழே கிராங்க் மட்டும் வந்த வேகத்துல இன்னும் சுத்தும், பிஸ்டன் மேலே வரும். பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை முறை வெச்சுப் பயன்படுத்தற இன்ஜினா இருந்தா ரெண்டும் முட்டிக்கும். வால்வு வளையும், ஹெட்டைக் கழட்டி லேத்துக்கு அனுப்பணும், அதிர்ஷ்டம் கெட்டா பிஸ்டனும் போகும். முட்டிக்காத ரக இன்ஜின்களும் உண்டு. அதுல வண்டி சும்மா நிக்கும், புது பெல்ட் போட்டா கிளம்பிடும். ஆனா உங்க சான்ட்ரோவை முட்டிக்கற ரகம்னே வெச்சுக்கிட்டு முடிவு எடுங்க தம்பி. அந்தச் சின்ன டப்பாவுல மிச்சமாகற காசையும் ஹெட் வேலைக்கு ஆகற காசையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. செமஸ்டர் ஃபீஸ் எந்தப் பக்கம் போகும்னு உங்களுக்கே தெரியும்.

காசைவிட முக்கியமா இன்னொண்ணு. பைபாஸ்ல 80-ல போகும்போது இன்ஜின் நின்னா, பவர் ஸ்டீரிங் கல்லாயிடும். பிரேக் பூஸ்டர்ல மிச்சமிருக்கற வேக்குவத்துக்கு ஒண்ணு ரெண்டு மிதிதான் லேசா இருக்கும், அப்புறம் பெடலை முழு பலத்தோட மிதிக்கணும். பின்னாடி லாரி வருது. ஓட்டறது அப்பா.

சரி, மூணு டப்பா விஷயத்துக்கு வருவோம்.

பெரிய விலை டப்பா, கார் கம்பெனி பேர் போட்டது. நடு டப்பா, பெல்ட் கம்பெனியோட சொந்தப் பேர்ல வர்றது. சின்ன டப்பா, யாரு செஞ்சதுன்னே தெரியாதது, இல்லேன்னா பெரிய பேரை காப்பி அடிச்சது. இதுல ஒரு ரகசியம் இருக்கு. கார் கம்பெனிகள் பொதுவா பெல்ட்டைத் தாங்களே செய்யறதில்ல. கேட்ஸ், கான்டினென்டல், டேகோ, பாண்டோ, மிட்சுபோஷி மாதிரி பெல்ட்டையே தொழிலா வெச்சிருக்கறவங்ககிட்ட வாங்கறாங்க. அதனால முதல் டப்பாவுக்கும் ரெண்டாவது டப்பாவுக்கும் தரத்துல மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்காது. என் ஓட்டு நடு டப்பாவுக்குத்தான். ஆனா நம்பர் பொருந்தணும், அது ரொம்ப ரொம்ப முக்கியம்.

எந்த நம்பர்? கார் பேரைச் சொல்லி பெல்ட் கேக்கறது, 'செகண்ட் இயர் பையனைக் கூப்பிடுங்க'ன்னு காலேஜ் வாசல்ல நின்னு கேக்கற மாதிரி. ஒரே பேர்ல ரெண்டு இன்ஜின் வரும். ஹோண்டா சிட்டியையே எடுத்துக்குங்க. 1998-ல இந்தியாவுக்கு வந்ததுல பெல்ட், 2003-ல வந்த அடுத்த மாடல்ல செயின்! தலைகீழாவும் நடக்கும். ரெனோவோட 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் ஒண்ணு டஸ்டர்ல இருக்கு, நிசான் மைக்ரா, சன்னியில இருக்கு, மஹிந்திரா வெரிட்டோவிலும் இருக்கு. பானெட்ல நாலு பேர், உள்ளே ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள்ளேயும் வருஷத்துக்கு வருஷம் மாற்றம் உண்டு. அதனால ஆர்.சி. புத்தகத்துல இருக்கற சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் குறிச்சுக்கிட்டுப் போய், அதுக்கு உரிய பார்ட் நம்பரை முதல்ல வாங்குங்க. ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுன்டர்லேயே சொல்லிடுவாங்க. பெல்ட் கம்பெனி கேட்டலாக்ல அந்த நம்பருக்கு நேரா அவங்க நம்பர் இருக்கும். அதைத்தான் கடையில கேக்கணும்.

(இந்த எடத்துல ஸ்விஃப்ட் டீசல் வெச்சிருக்கற நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். உங்க 1.3 மல்டிஜெட் இன்ஜின்ல பெல்ட்டே கிடையாது, செயின். இன்னோவா 2.5 டீசல்ல பெல்ட்தான், ஆனா டொயோட்டா கொஞ்சம் கருணையோட டேஷ்போர்டுல 'டி-பெல்ட்'னு ஒரு லைட்டே வெச்சிருக்கு. அது கிலோமீட்டரை எண்ணிச் சொல்ற லைட், பெல்ட்டை எட்டிப் பார்த்துச் சொல்றது இல்ல.)

நம்பர் பொருந்தினாலும் கண்ணால ஒரு தடவை பாருங்க. மூணு விஷயம் ஒத்துப்போகணும்: பல் எண்ணிக்கை, அகலம், பல்லோட வடிவம். பழைய பெல்ட்ல ஒரு பல்லுக்கு சாக்பீஸ் கோடு போட்டுட்டு எண்ணுங்க, புதுசையும் எண்ணுங்க. போரடிக்கும்தான். ஆனா மூணாவதுதான் ஆளைக் கவுக்கற ஆசாமி. சில பெல்ட்ல பல்லு மேடை மாதிரி தட்டையா இருக்கும், சிலதுல அரைவட்டமா உருண்டிருக்கும். உருண்டைப் பள்ளத்துல மேடைப் பல்லு உக்கார்ற மாதிரி பாவ்லா காட்டும், லோடு ஏறினா எகிறிக் குதிக்கும். கிராங்க் சக்கரத்துல 20 பல்லுன்னு வெச்சுக்குங்க. ஒரே ஒரு பல்லு தாண்டினா 18 டிகிரி டைமிங் அவுட்! வண்டி இழுக்காது, நடுங்கும். இன்னும் ஒண்ணு ரெண்டு தாண்டினா நேரா லேத்துதான்.

அடுத்து வயசு. ரப்பருக்கும் வயசாகும், டப்பாவுக்குள்ள தூங்கினாலும் ஆகும். டப்பாவுல தயாரிச்ச அல்லது பேக் பண்ண மாசம், வருஷம், எம்.ஆர்.பி., கம்பெனி அட்ரஸ் இருக்கணும். பல பெல்ட்டோட முதுகுலேயே தேதிக் குறியீடு அச்சடிச்சிருக்கும். எழுத்து மங்கலா இருக்கு, நகத்தால சுரண்டினா வருதுன்னா கும்பிடு போட்டுட்டு வெளியே வந்துடுங்க. வருஷக்கணக்கா ஆணியில மாட்டி மடிஞ்சு தொங்கற பெல்ட்டும் வேணாம். ஏன்னா இந்த ரப்பருக்குள்ள ஓடற நரம்பு பெரும்பாலும் கண்ணாடி இழை. இழுத்தா யானை பலம், மடிச்சா உடைஞ்சுடும். கடைக்கார அண்ணாச்சி பெல்ட்டை எட்டு மாதிரி முறுக்கிக் காட்டி, "பாருங்க தம்பி, எவ்வளவு ஸாஃப்ட்டு!"ன்னு சொன்னார்னா, அந்தப் பீஸை மட்டும் வாங்காதீங்க. வேற கேளுங்க.

சென்னை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. புதுப்பேட்டையில பழைய கதவு வாங்குங்க, பம்பர் வாங்குங்க, கண்ணாடி வாங்குங்க. கழட்டின டைமிங் பெல்ட் ஓசியில கிடைச்சாலும் வேணாம். டாப் கியர்ல 60 கிலோமீட்டர் வேகம், 2,500 ஆர்.பி.எம்.னு கணக்கு போட்டா, ஒரு கிலோமீட்டருக்கு கிராங்க் 2,500 சுத்து. 60,000 கிலோமீட்டருக்கு 15 கோடி சுத்து. அந்த ஓசி பெல்ட் அதுல எவ்வளவை முடிச்சுட்டு வந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?

இதே கணக்குதான் டென்ஷனருக்கும். பேரைக் கேட்டு டென்ஷன் ஆகாதீங்க, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கற சின்ன சக்கரம், உள்ளே ஒரு பேரிங். பெல்ட் சுத்தின நேரமெல்லாம் அதுவும் சுத்தியிருக்கு. புது பெல்ட்டை பழைய டென்ஷனர்ல மாட்டினா, நாலு மாசம் கழிச்சு பேரிங் இறுகி, புது பெல்ட்டைத் தின்னுடும். கவரைப் பிரிக்கற கூலி ஒண்ணுதான், அதனால செட்டா மாத்துங்க. சில இன்ஜின்ல வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் சுத்துது, நான் சொன்ன ரெனோ டீசல் அப்படித்தான். அதுல பம்ப்பையும் சேர்த்தே போட்டுடறது புத்திசாலித்தனம். கேம் சீல், கிராங்க் சீல் கசியுதான்னும் பார்க்கச் சொல்லுங்க. ஆயில் பட்ட பெல்ட் ஊறி, பல்லு கழண்டுடும்.

'அப்போ ஆயில்ல முக்கி வெச்ச பெல்ட்டே இருக்கே'ன்னு ஒரு மெக்கானிக்கல் மாப்பிள்ளை கை தூக்கறது தெரியுது. உண்மைதான். 2013-ல வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட்ல அப்படித்தான், ஆயிலுக்குள்ளேயே ஓடற மாதிரி தனி ரப்பர். அதுக்கு கம்பெனி சொன்ன ஆயிலையே ஊத்தணும், வேற ஊத்தினா பெல்ட் உதிர்ந்து ஆயில் பம்ப் வாயை அடைக்கும். சான்ட்ரோ பெல்ட் அந்த ஜாதி இல்ல.

இப்போ திருச்சி தம்பிக்கு நேரடியா. பெல்ட் மாத்தற அன்னிக்கு ஒர்க்‌ஷாப்ல கூடவே நில்லுங்க. இன்ஜின் ஆறியிருக்கணும். பழைய பெல்ட்டைக் கையில வாங்கிப் பாருங்க, அது ஒரு கதை சொல்லும். பிசுபிசுன்னு இருந்தா எங்கேயோ சீல் லீக். ஒரு ஓரம் மட்டும் நார் நாரா பிஞ்சிருந்தா டென்ஷனர் கோணல். ரெண்டுல எது இருந்தாலும் அதைச் சரி பண்ணாம புதுசை மாட்டாதீங்க. பார்க்க பளபளன்னு இருந்தா, 'இன்னும் கொஞ்சம் ஓட்டியிருக்கலாமோ'ன்னு தோணும். தோணட்டும். இப்போ வர்ற பெல்ட் ரப்பர் விரிசல் விடாமலேயே உள்ளே நரம்பு தளர்ந்து போகற ரகம். அதனாலதான் மேனுவல்ல கிலோமீட்டரை வெச்சு மாத்தச் சொல்றாங்க. கம்மியா ஓடற வண்டிக்கு வருஷக் கணக்கும் உண்டு. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு டேஷ்போர்டு டிராயர்ல தூங்கற மேனுவல்ல பாருங்க.

பெல்ட்டை மாட்டினதும் மெக்கானிக் அண்ணன் சாவி போடறதுக்கு முன்னாடி, "அண்ணே, கையால ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துடலாமே"ன்னு பணிவா கேளுங்க. கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டு மெதுவா ரெண்டு முழு சுத்து. டைமிங் மார்க் மறுபடி நேரா வந்து நிக்கணும். நடுவுல எங்கேயாவது 'டக்'குனு தடுத்தா, அழுத்திச் சுத்தக் கூடாது, பிரிச்சு மறுபடி மாட்டணும். நல்ல மெக்கானிக் நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சிருப்பார்.

காசு இந்த மாசம் நிஜமாவே இல்லேன்னா, சின்ன டப்பாவை வாங்கி மாட்டாதீங்க. வண்டியை வீட்டுல நிறுத்துங்க, அப்பா ஒரு மாசம் பஸ்ல போகட்டும். தங்கச்சி ஃபீஸைக் கட்டிட்டு அடுத்த மாசம் நடு டப்பாவும் டென்ஷனரும் வாங்குங்க. பில்லு கேட்டு வாங்குங்க. தேதி, கிலோமீட்டர், பார்ட் நம்பர் மூணையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி டைமிங் கவர் மேல ஒட்டிடுங்க. நாளைக்கு வண்டியை வித்தாலும், வாங்கறவர் முதல்ல கேக்கப்போறது அதைத்தான்.

அடுத்த வாரம், விழுப்புரம் தங்கச்சி ஒருத்தங்க கேட்ட கேள்வி: ஸ்டார்ட்டிங்ல ஏன் கிளட்ச் நாத்தம் வருது?